ஓர் எழுத்தில் நின்றுபோன யாஸீன்

உம்மா குர்ஆனின் யாஸீன் சூராவை ஓதும் சத்தம் மர்ளியாவுக்கு இப்போதும் கேட்கும்.

விடிகாலை பஜ்ரு தொழுதுவிட்டு, தொழுகைப் பாயான முசல்லாவை மடிக்காமல், சுவரில் சாய்ந்தபடி உம்மா ஓதுவாள். உரக்க ஓதமாட்டாள். பித்தளைக் குடம் நிறைகிறபோது கடைசியில் தண்ணீரின் சத்தம் மாறுமே, அப்படி ஒரு குரல். 'ளலாலிம் முபீன்' என்ற இடம் வரும்போது நாக்கு உள்ளே மடியும். ளகரம் ஒரு கணம் வாய்க்குள்ளேயே தங்கிவிட்டுப் பிறகு இறங்கும்.

பாயில் கிடக்கும் இரண்டு பெண்பிள்ளைகளும் அந்த ளகரத்தில்தான் கண் விழிப்பார்கள்.

மூத்தவள் மர்ளியா. இளையவள் ஆசியா.

உம்மா போய் வெகுகாலம் ஆயிற்று. இப்போது ஆசியா சாகக் கிடந்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. தன் அக்கா மர்ளியா லாத்தாவின் வாயால் யாஸீன் முழுசாக ஓதக் கேட்க வேண்டும்.

மர்ளியாவால் அந்த ளகரத்தைத் தாண்ட முடியவில்லை.

*

"ஆலிமா, எனக்கு ஓதத் தெரியலை."

முனவ்வரா ஆலிமா நிமிர்ந்து பார்த்தாள். மாடியில் பெண்கள் மத்ரஸா நடத்துகிறவள். மர்ளியாவின் மகள் வயதுதான் இருக்கும். மத்தியானம் பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஆலிமா அடுப்படித் தரையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"உக்காருங்க மாமி. மீன் கையோட பேசுறேன், கோவிச்சுக்காதீங்க."

மர்ளியா வெள்ளைத் துப்பட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உங்க பேரு?"

"மர்ளியா."

"நல்ல பேரு."

"வாப்பா வச்சது. அல்லாஹ் பொருந்திக்கிட்டவள்னு அர்த்தமாம். அவரு பாட்டுக்கு வச்சிட்டுப் போயிட்டாரு."

ஆலிமா சிரித்தாள்.

"எப்பலேருந்து ஓதுறீங்க?"

"பால்பல் விழுறதுக்கு முன்னாடியிலிருந்து."

"அப்ப தெரியலைன்னா?"

"தெரியும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

ஆலிமா ஒரு மீனின் தலையைக் கிள்ளிப் போட்டாள். "யாரு வந்து சொன்னா, தெரியாதுன்னு?"

"தங்கச்சி மகன். ஹிதாயத்து. ரியாத்துல இருக்கான். போன லீவுல வந்தப்ப, நான் தொழுவுறதைக் கேட்டுக்கிட்டு நின்னிருக்கான்."

"என்ன சொன்னாப்பல?"

"பெரியம்மா, நீங்க ளான்னு ஓதுறீங்க, அது ளா இல்லைன்னான். நாக்கோட ஓரம் கடவாய்ப் பல்லைத் தொடணுமாம். தமிழ் எழுத்துல அது வராதாம். எழுத்து மாறினா அர்த்தம் மாறிடுமாம். தொழுகை கூடாதாம், செல்லாதாம்."

"ளாது எழுத்தைச் சொல்றாரு."

"அதேதான். நல்ல புள்ளைதான் ஆலிமா. என்மேல உள்ள பிரியத்துலதான் சொன்னான். போன்ல போட்டும் காமிச்சான், ஒரு அரபு ஓதுறதை."

"அப்புறம்?"

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது என்று மர்ளியாவுக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு அந்தித் தொழுகையான மஃரிபில், ஆமீனுக்கு முன்னால் வரும் 'வலள்ளால்லீன்' என்ற இடத்தில் நாக்கு நின்றது. மறுபடி சொன்னாள். அதுவும் சரியில்லை என்று பட்டது. மறுபடி. பல்லைத் தொட்டதா, தொடவில்லையா. மறுபடி. இரவுத் தொழுகை இஷாவுக்குப் பாங்கு சொன்னபோது அவளுடைய மஃரிபு முடிந்திருக்கவில்லை.

பிறகு அந்த எழுத்து எங்கே பார்த்தாலும் இருந்தது. கடமையைச் சொல்லும் பர்ளு என்ற சொல்லில் இருந்தது. தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளு என்ற சொல்லில் இருந்தது. ரமளானில் இருந்தது. அவளுடைய மார்க்கம் முழுவதும் அந்த ஓர் எழுத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது போலவும், அடியில் கல் ஆடுகிறது போலவும் இருந்தது.

"ஒளுச் செஞ்சா நனைஞ்சுதான்னு சந்தேகம். தொழ நின்னு தக்பீர் கட்டுனா கட்டுனேனான்னு சந்தேகம். பூனை மாதிரி கால்ல கால்ல வருது ஆலிமா."

"வஸ்வாஸு. சைத்தான் ஊதுற சந்தேகம்."

"பேரு எனக்கும் தெரியும். அது போறதுக்குத்தான் வழி தெரியலை." மர்ளியா குரலைத் தாழ்த்தினாள். "எங்க உம்மாகிட்ட கேட்டுத்தான் நான் ஓதுனேன். நான் ஓதுறது தப்புன்னா, அவங்க தொழுததெல்லாம் எங்கே போச்சு? மௌத்தானவங்க திரும்பி வந்து, விட்டதைத் தொழுது களா செய்ய முடியுமா?"

ஆலிமா இன்னொரு மீனை எடுத்தாள்.

"யாஸீன் ஓதுங்க, கேக்குறேன்," என்றாள்.

மர்ளியா ஓதினாள். தொடக்கம் தடையில்லாமல் போயிற்று. 'வள்ரிபு' என்ற இடத்தில் தடுக்கினாள். தட்டுத்தடுமாறித் தாண்டினாள். 'பிளுர்ரின்' என்ற இடத்தில் மூச்சு வாங்கினாள். அடுத்த வசனத்தில் 'லஃபீ' என்று சொல்லி நின்றாள்.

"ள... ள..."

ஆயத்தின் தொடக்கத்துக்குப் போனாள். வந்தாள். நின்றாள். சூராவின் தொடக்கத்துக்கே போனாள். வந்தாள். நின்றாள்.

ஆலிமா மீனைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். கடைசி மீனையும் கிள்ளிச் சட்டியில் போட்டாள்.

"மாமி, மீன் ஆஞ்சு முடிஞ்சு போச்சு."

மர்ளியா வாயை மூடிக்கொண்டாள். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

"எனக்கு அந்த எழுத்தைச் சரியாச் சொல்லிக் கொடுங்க ஆலிமா. அது போதும்."

"மாட்டேன்."

"ஏன்?"

"நான் சொல்லிக் கொடுத்தது சரியான்னு நாளைக்கு இன்னொரு ஆலிமாகிட்டப் போய்க் கேப்பீங்க."

வருகிற வழியிலேயே அப்படி ஒரு யோசனை மர்ளியாவுக்கு வந்திருந்தது.

"அப்ப நான் என்னதான் செய்ய?"

"உங்களுக்கு வர்ற மாதிரி ஒரு தடவை ஓதுங்க. மேலே போங்க. திரும்பாதீங்க."

"தப்பா இருந்தா?"

"திரும்பாதீங்க."

"அல்லாஹ் ஏத்துக்கலைன்னா?"

"திரும்பாதீங்க மாமி."

மர்ளியா எழுந்து துப்பட்டியைப் போர்த்திக்கொண்டாள். இதைச் சொல்வதற்கா இந்தப் பெண் அத்தனை வருஷம் ஓதிப் பட்டம் வாங்கினாள் என்று படி இறங்கும்போது முணுமுணுத்தாள். ஆலிமாவின் காதில் விழுந்தாலும் விழட்டும் என்றுதான் முணுமுணுத்தாள்.

*

ஆசியாவின் வயிற்றில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று ஆசியாவிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து புதுப் புடவைகளை எடுத்து மருமகளிடம் கொடுத்துவிட்டாள்.

ஹிதாயத் ரியாத்திலிருந்து வந்திருந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உம்மாவுக்கு ஓதினான். எழுத்துகள் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் விழுந்தன.

ஆசியா கண்ணைத் திறந்தாள்.

"நல்லா ஓதுற வாப்பா. ஆனா நீ ஓதுனா எனக்கு ரியாத்துல படுத்துக்கிடக்குற மாதிரி இருக்கு. லாத்தா எங்கே?"

"இங்கதான் இருக்கேன்."

"ஓதேன்."

"போன்ல வேணா போடவா உம்மா?" என்றான் ஹிதாயத். "மக்காவுல இமாமா நின்னு தொழவச்சவர். அவரு ஓதுனா கல்லும் அழும்."

"அவருக்கு என்னைத் தெரியாது," என்றாள் ஆசியா.

ஹிதாயத் போனைக் கவிழ்த்து வைத்தான். வெளியே போகும்போது மர்ளியாவின் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றான்.

"நான் ஏன்தான் சொன்னேனோ பெரியம்மா."

"நீ சரியாத்தான் சொன்னே."

"சரியாச் சொன்னதுதான் கஷ்டமா இருக்கு."

அவன் போன பிறகு மர்ளியா பிஸ்மி சொல்லித் தொடங்கினாள். 'வள்ரிபு' கடந்தது. 'பிளுர்ரின்' கடந்தது.

'லஃபீ' வந்ததும் நின்றாள்.

திரும்பினாள். வந்தாள். நின்றாள்.

ஆசியா பொறுத்துப் பார்த்தாள். பிறகு தலையணையில் முகத்தைத் திருப்பினாள்.

"லாத்தா, அந்த மனுசரை எத்தனை நாளைக்கு அங்கேயே நிறுத்தி வைக்கப் போறே?"

"எந்த மனுசரை?"

"ஊர்க்கோடியிலேருந்து ஓடிவந்தாரே, யாஸீன்ல. பயான் பிரசங்கத்துல கேட்டிருக்கேன். மூச்சிரைக்க ஓடிவந்து சொல்றாரு, என் சனங்களே, வந்த தூதர்களை நம்புங்கன்னு. நான் மட்டும் வேற ஒண்ணைக் கும்பிட்டா வழிகேட்டுல விழுந்திருவேன்னு சொல்றாரு. அதுதானே நீ நிக்கிற இடம்?"

"அதுதான்."

"சொன்னதுக்காக அவரைக் கொன்னுபோட்டாங்களாம். உடனே சொர்க்கத்துக்குள்ளே போன்னு சொல்லப்பட்டுச்சாம். நீ என்னடான்னா, அந்த ஆளு வாயைப் பாதியில பொத்திட்டே. சாகவும் விட மாட்டேங்குற. சொர்க்கத்துக்குப் போகவும் விட மாட்டேங்குற."

மர்ளியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆசியாவும் சிரித்தாள். சிரிப்பு வயிற்றில் இழுத்தது. இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். வலி அடங்கும்வரை மர்ளியா அவள் நெற்றியைத் தடவிக்கொடுத்தாள்.

"சீக்கிரம் விடு லாத்தா அவரை," என்றாள் ஆசியா. "எனக்கும் நேரமாகுது."

மர்ளியா கொல்லைப் பக்கம் போய் நின்று அழுதாள்.

அங்கேதான் அந்த வேண்டாத நினைப்பு வந்தது. முன்பும் வந்திருக்கிறது. எழுத்தில் நாக்கு நிற்கும் அந்த இடைவெளியில், கதவு ஒருக்களித்துக் கிடக்கும்போது தெருநாய் தலையை நீட்டுவது போல, எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். இன்றைக்குப் போகவில்லை. உள்ளே வந்து நின்றது. அவளுடைய குரலிலேயே பேசியது.

மர்ளியா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பொத்தினால் இன்னும் தெளிவாகக் கேட்டது.

*

"மறுபடியும் வந்துட்டேன்," என்றாள் மர்ளியா.

ஆலிமா கிழிந்த பாயின் ஓரத்துக்குத் துணி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியை நிறுத்தவில்லை.

"திரும்பாம ஓதுனீங்களா?"

"முடியலை."

"ம்."

"இன்னைக்கு அதுக்காக வரலை ஆலிமா. வேற ஒண்ணு. எழுத்து மட்டுமில்லை. நிக்கிற இடத்துல வேற ஒண்ணு வருது."

"என்ன வருது?"

மர்ளியா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். துப்பட்டியின் முனையைச் சுருட்டினாள்.

"மேலே இருக்குறவனைப் பத்தி. அவன்... நான் ஓதுறதை அங்கே..."

"சொல்ல வேணாம்."

"நீங்கதானே கேட்டீங்க."

"சொல்றீங்களான்னு பார்த்தேன். எப்பவாவது யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"அதைச் சொல்றதுக்கு என் நாக்குல தணலை அள்ளி வச்சுக்குவேன். கரியாப் போனாலும் சொல்ல மாட்டேன்."

ஊசி நின்றது.

"மாமி, இதே பேச்சை உங்களுக்கு முன்னாடி சில பேரு பேசியிருக்காங்க."

"யாரு?"

"நபியோட தோழர்கள். வந்து நின்னு சொன்னாங்க, எங்க மனசுல என்னென்னமோ வருது, அதை வாய்விட்டுச் சொல்றதைவிட எரிஞ்சு கரியாப் போறது மேலுன்னு."

மர்ளியா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"நபி என்ன சொன்னாங்க?"

"நிஜமாவே அப்படி இருக்கான்னு கேட்டாங்க. இருக்குன்னாங்க. அதுதான் கலப்பில்லாத ஈமான், சுத்தமான நம்பிக்கைன்னு சொன்னாங்க."

வெளியே ஓர் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான். மணிச்சத்தம் தெருமுனையில் திரும்பித் தேய்ந்தது.

மர்ளியா இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"அது அவங்களுக்கு. நபியைக் கண்ணால பார்த்தவங்க. நான் யாரு? எழுத்துக்கூட ஒழுங்கா வராதவ. நான் ஓதுறது ஓட்டுக்கு மேலே போகுதான்னே எனக்குத் தெரியலை. போனாலும் அது என்ன பாஷைன்னு அங்கே யாருக்குப் புரியும்?"

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆலிமா அவளைத் தேற்றவில்லை. திட்டவுமில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பாயை உதறிச் சுருட்டிச் சுவரோரம் சாய்த்தாள்.

"தங்கச்சி எப்படி இருக்காங்க?"

"தண்ணி இறங்க மாட்டேங்குது. கரண்டியால விட்டா ஓரமா வழியுது."

"அப்ப போங்க. இங்க உக்காந்திருக்காதீங்க."

அவ்வளவுதானா என்பது போல மர்ளியா பார்த்தாள். ஆலிமா அவள் முகத்தைப் பார்க்காமல் அடுத்த பாயை விரித்துக் கிழிசலைத் தேடினாள்.

மர்ளியா எழுந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். குறுகலான படி. பாதி தூரம் போயிருப்பாள்.

"மர்ளியா மாமி!"

மர்ளியா திரும்பினாள்.

ஆலிமா மேலே வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன ஆலிமா?"

"ஒண்ணுமில்லை. ஏன் திரும்புனீங்க?"

"கூப்பிட்டீங்களே."

"யாரை?"

"என்னைத்தான். வேற யாரு இருக்கா இங்கே? பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்களே."

"உங்க பேரை அரபில எப்படி எழுதுறது?"

"என்ன கேள்வி இது, நடுப்படியில நிக்க வச்சு."

"சொல்லுங்க மாமி."

"மீம்," என்றாள் மர்ளியா. "ரே."

அடுத்த எழுத்துக்கு நாக்கு எழுந்தது. பாதியில் நின்றது.

"ளாது," என்றாள் ஆலிமா. "நான் அதைச் சரியாச் சொன்னேனா? நாக்கோட ஓரம் கடவாய்ப் பல்லைத் தொட்டுச்சா?"

மர்ளியா ஆலிமாவின் வாயையே பார்த்தாள்.

"உங்க வாப்பா சரியாச் சொன்னாரா? உங்களைக் கட்டுன மாப்பிள்ளை? இத்தனை வருஷமா இந்த ஊருல யாராவது ஒருத்தராவது சரியாச் சொல்லி உங்களைக் கூப்பிட்டிருக்காங்களா?"

படியில் கீழேயிருந்து வெயில் வந்துகொண்டிருந்தது. மர்ளியா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பின்னே ஏன் திரும்புனீங்க?" என்று கேட்டுவிட்டு ஆலிமா உள்ளே போய்விட்டாள்.

*

மர்ளியா வீடு வந்தபோது பிற்பகல் அஸருக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒளுச் செய்தாள். தொழுதாள். 'வலள்ளால்லீன்' என்ற இடத்தில் வழக்கம்போல ஏதோ காலைச் சுற்றியது. அவள் ஆமீன் சொன்னாள்.

கட்டிலண்டை போய் உட்கார்ந்தாள். ஆசியாவின் கண்கள் மூடியிருந்தன. மூச்சு மட்டும் தொண்டைக்கும் நெஞ்சுக்குமாக ஏறி இறங்கியது. ஹிதாயத் நனைந்த பஞ்சால் உம்மாவின் உதட்டைத் தொட்டுக்கொண்டிருந்தான். பெரியம்மாவைப் பார்த்ததும் எழுந்து வாசல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றான்.

"ஆசியா."

பதில் இல்லை.

"ஓதப் போறேன்டி."

புருவம் லேசாக அசைந்தது.

மர்ளியா தொடங்கினாள்.

முதல் ஆயத்துகள் தானாக வந்தன. 'வள்ரிபு' வந்தது. அவளுக்கு வருகிற மாதிரி வந்தது. போயிற்று. ஊர்க்கோடியிலிருந்து அந்த மனிதர் ஓடிவந்தார். தன் சனங்களைக் கூப்பிட்டார். 'பிளுர்ரின்' வந்தது. போயிற்று.

"இன்னீ இதல் லஃபீ..."

அது அங்கே நின்றுகொண்டிருந்தது. அவளுக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தது போல. அவளுடைய குரலிலேயே, தப்பு என்றது. திரும்பு என்றது. அதற்குப் பிறகு அந்த மற்றதையும் சொன்னது.

வாசலில் ஹிதாயத்தின் முதுகு விறைத்தது.

"...ளலாலிம் முபீன்."

பல்லைத் தொட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்குள் வாய் அடுத்த ஆயத்துக்குப் போய்விட்டிருந்தது.

"இன்னீ ஆமன்த்து பிரப்பிக்கும் ஃபஸ்மஊன்."

உங்கள் ரப்பான இறைவனை நான் நம்பிவிட்டேன். எனவே, நான் சொல்வதைக் கேளுங்கள். இதன் அர்த்தத்தைச் சின்ன வயதிலேயே வாப்பா சொல்லிக் கொடுத்திருந்தார். எத்தனையோ நாளாக அவள் இந்த ஆயத்துக்கு வந்து சேரவே இல்லை.

ஆசியாவின் உதடு அசைந்தது. மர்ளியா குனிந்து காதைக் கொடுத்தாள்.

"போயிட்டாரா?"

"யாரு?"

"அவருதான்."

"இப்பத்தான் போறாரு. பேசாமக் கேளுடி."

"கீலத்குலில் ஜன்னா," என்று ஓதினாள். சொர்க்கத்தினுள் நுழை என்று சொல்லப்பட்டது.

ஆசியாவின் மூடிய கண்ணோரத்தில் ஈரம் துளிர்த்தது. அது வலியாகவும் இருக்கலாம்.

மர்ளியா மேலே போனாள். யாஸீனில் அந்த எழுத்து அத்தோடு முடிந்துவிடவில்லை. செத்துக் கிடந்த பூமியைச் சொல்லுமிடத்தில் வந்தது. பிறகும் வந்தது. வந்த இடத்திலெல்லாம் அதுவும் வந்தது. ஒவ்வொரு தடவையும் திரும்பு என்றது. ஒவ்வொரு தடவையும் மர்ளியாவுக்குத் திரும்ப வேண்டும் போலத்தான் இருந்தது. விரலால் கட்டில் சட்டத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு போனாள்.

கடைசி ஆயத்தை ஓதி நிறுத்தினாள். எங்கே என்ன தப்பியது என்று மனம் பின்னால் ஓடப் பார்த்தது.

"லாத்தா."

"என்னடி?"

"மறுபடி ஓது."

"எங்கே? எங்கே தப்புனேன்?"

ஆசியா கண்ணைத் திறந்து பார்த்தாள். அந்த நிலையிலும் அந்தப் பார்வையில் பழைய கேலி கொஞ்சம் இருந்தது.

"தப்புறதாவது," என்றாள். "நல்லா இருந்துச்சு. அதான் கேக்குறேன்."

ஹிதாயத் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தான். மர்ளியா பிஸ்மி சொன்னாள்.

ஆசியா வெள்ளிக்கிழமை விடிகாலையில் மௌத்தானாள். மர்ளியா அப்போது அடுப்படியில் வீட்டாருக்குக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள்.